கோட்டுக்கு மேலே நுரை

கொலோன்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ கொடுத்த பைண்ட் குவளை போன புதன்கிழமை உடைந்துவிட்டது. இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதை எழுத வரும். பதினான்கு மாதமாக உனக்கு ஒரு வரி போடவில்லை, கடைசியில் எழுதுகிற கடிதம் இப்படி ஆரம்பிப்பது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. கழுவித் துடைக்கும்போது கை வழுக்கியது. சிங்க் விளிம்பில் பட்டு மூன்றாகப் போய்விட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் ஆறு வீடு மாறியிருக்கிறேன், ஒரு கீறல் விழுந்ததில்லை. பெரிய துண்டைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. அதில்தான் அளவு சரி என்று இங்கிலாந்தில் குத்தும் அந்தக் கிரீட முத்திரை இருக்கிறது. இப்போது இந்தத் தாளுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கண்ணாடி முழுக்க வழவழப்பு, முத்திரை இருக்கும் இடம் மட்டும் விரலில் சொரசொரக்கிறது. மேலே கிரீடம், நடுவில் பைண்ட் என்ற சொல், அடியில் ஓர் எண். இத்தனை வருஷம் குடித்தும் அந்த எண்ணை ஒரு தடவைகூட நான் சரியாகப் பார்த்ததில்லை.

வீட்டில் எல்லோரும் நலம். என் மனைவிக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. பெண் இந்த வருஷம் பள்ளிப் படிப்பை முடிக்கிறாள். நம் நண்பன் நெட்டையன் போனில் பேசினான். அதே குரல், அதே கடன் கதை. உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததை அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீ சொல்லவில்லை. அதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சொந்தமாக பீர் காய்ச்சி விற்கப் போகிறாய், தொட்டிகள் வந்து இறங்கிவிட்டன என்று படித்தபோது ஹாஸ்டல் மொட்டைமாடியில் நீ பிளாஸ்டிக் வாளியை வைத்துக்கொண்டு செய்த ஆராய்ச்சியும் வார்டன் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே ஏறி வந்ததும் ஞாபகம் வந்தது. அன்று அடி வாங்கியது நான், இன்று முதலாளி நீ. மனசார வாழ்த்துகிறேன். ஆனால் நான்காம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். அளவுக்கோடு போட்ட கிளாஸ் வேண்டாம், விளிம்பு வரை நிரப்பினால்தான் முழு அளவு வரும் கிளாஸே போதும், நுரையில் கொஞ்சம் மிச்சமாகும் என்று பார்ட்னர் சொன்னாராம், நீயும் சரி என்றாயாம். மாப்ள, அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை.

குவளை உடைந்ததும் அதனால்தான். உன் வரியைப் படித்ததும் அதை எடுத்துத் தராசில் வைத்தேன். விளிம்பு தொட்டு நிற்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றினால் 567 கிராம். இங்கிலாந்து பைண்ட் 568 மில்லிலிட்டர், ஆக முத்திரை பொய் சொல்லவில்லை. அப்புறம் தண்ணீரைக் கொட்டிவிட்டு பீரை ஊற்றினேன். மேலே இரண்டு விரற்கடை நுரை, பார்க்க லட்சணமாக இருந்தது. நுரை முழுக்க அடங்கும்வரை காத்திருந்து அளவு ஜாடியில் ஊற்றிப் பார்த்தேன். 530 மில்லிலிட்டர். ஒரு கிளாஸுக்கு 38 குறைகிறது. பதினைந்து கிளாஸ் ஊற்றினால் ஒரு முழு பைண்ட் கடைக்காரருக்கு மிச்சம். அதாவது பதினைந்து பேர் சேர்ந்து, தங்களுக்கே தெரியாமல், பதினாறாவது ஆளுக்குக் காசு கொடுக்கிறார்கள். அந்தப் பதினாறாவது ஆள் நீயாக இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

பார்ட்னர் சொல்வதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் இரண்டு வகைக் கிளாஸுக்கும் அனுமதி உண்டு. விளிம்பு அளவுக் கிளாஸில் நுரையும் பைண்டில் சேர்த்தி. நுரை போக 95 சதவீதமாவது திரவம் இருக்க வேண்டும், குறைகிறது என்று கேட்டால் நிரப்பித் தர வேண்டும் என்பது அங்கே அந்தத் தொழிலில் உள்ளவர்கள் வகுத்துக்கொண்ட வழிகாட்டுதல். இதில் எனக்குப் பிடிக்காதது அந்த ‘கேட்டால்’ என்ற சொல். கேட்பவன் கூட்டத்தில் கஞ்சன் மாதிரித் தெரிவான். கூச்சப்பட்டுக்கொண்டு பத்தில் ஒன்பது பேர் கேட்க மாட்டார்கள். என்னையே எடுத்துக்கொள். முன்பு வேலை பார்த்த ஊரில் தினம் போகும் ஓரிடத்தில் ஒரு விரல் குறைத்தே ஊற்றுவார்கள். இரண்டு வருஷம் போனேன், ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

ஜெர்மனியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கடையில் ஊற்றிக் கொடுக்கும் கிளாஸில் அளவுக்கோடு இருந்தாக வேண்டும் என்பது சட்டம். கோடு வரை பீர், கோட்டுக்கு மேலே நுரைக்கென்று தனி இடம். ஊற்றுகிறவனுக்கும் நிம்மதி, குடிப்பவனுக்கும் நிம்மதி.

நான் இங்கே வந்த முதல் வாரம் நடந்ததைச் சொல்கிறேன். இந்த ஊர் பீருக்குக் கோல்ஷ் என்று பெயர். புளிக்கும்போது மேலே மிதந்து வரும் மேல்நொதி ஈஸ்டில் புளிக்கவைத்து, பிறகு குளிரில் ஆறப்போடுவார்கள். நிறம் வெளிர்தங்கம், சுவை மென்மை. கிளாஸின் பெயர் ஷ்டாங்க, குச்சி என்று பொருள். பெயருக்கேற்ற மாதிரி ஒல்லியாக, நேராக, மெல்லிய கண்ணாடி. கொள்ளளவு 0.2 லிட்டர். நம் ஆட்கள் யாராவது பார்த்தால் ருசி பார்க்கக் கொடுத்தது என்றே நினைப்பார்கள். நானும் முதல் கிளாஸை அப்படித்தான் பார்த்தேன்.

நீல நிற உடுப்பில் பரிசாரகர் வருவார், அவரைக் கோபெஸ் என்பார்கள். கையில் வட்டத் தட்டு, நடுவில் நின்றவாக்கில் பிடி, சுற்றிலும் குழி குழியாக இடம், ஒவ்வொரு குழியிலும் ஒரு ஷ்டாங்க. உன் கிளாஸ் காலியானதும் கேட்காமலே அடுத்ததை வைத்துவிட்டு, அடியில் இருக்கும் அட்டையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார். அந்த அட்டைதான் உன் கணக்கு. போதும் என்றால் அட்டையை எடுத்துக் கிளாஸ்மேல் மூடிவிட வேண்டும், வாய்ப்பேச்சு தேவையில்லை. அதுவரை அவர் நிறுத்த மாட்டார்.

அன்றைக்கு எனக்கு எதிரே ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். அவர் குடித்த விதத்தைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலு மடக்கு, கொஞ்சம் பேச்சு, அவ்வளவில் கிளாஸ் காலி. கடைசி மடக்கிலும் நுரை இருந்தது, கடைசி மடக்கும் ஜில்லென்றே இருந்தது. என் பக்கம் திரும்பினால், நான் முதல் கிளாஸையே அரைமணி நேரமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். நுரை போய், வெதுவெதுப்பாகி, பழைய ரொட்டித் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த பீருக்குப் பத்து நிமிஷம்தான் நல்ல நேரம். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் ஒரு மனுஷன் நிதானமாக எவ்வளவு குடிப்பானோ அதுதான் 0.2 லிட்டர். கிளாஸை பீரே அளந்து வைத்திருக்கிறது.

1986-இல் இந்த வட்டாரத்து பீர் ஆலைகள் 24 சேர்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. கோல்ஷ் என்று எதைச் சொல்லலாம், எங்கே காய்ச்ச வேண்டும் என்பதோடு எந்தக் கிளாஸில் கொடுக்க வேண்டும் என்பதுகூட அதில் அடக்கம். போட்டிக் கம்பெனிகள் உட்கார்ந்து ஒரு கிளாஸின் வடிவத்துக்குச் சம்மதித்திருக்கிறார்கள், யோசித்துப் பார். பக்கத்து ஊர் டுசெல்டோர்ஃபிலும் மேல்நொதி பீர்தான், நிறம் மட்டும் செம்பழுப்பு. கிளாஸும் சின்னதுதான், கொஞ்சம் குட்டையாக இருக்கும். ஆனால் அந்த ஊர் பீரை இங்கே கேட்டுவிடாதே. நீயும் நெட்டையனும் கேரம் போர்டில் போட்ட சண்டையெல்லாம் இவர்கள் சண்டைக்கு முன்னால் ஒன்றுமில்லை.

பீப்பாயும் அதே கணக்குத்தான். இங்கே 10 லிட்டர் பிடிக்கும் சின்னப் பீப்பாய் ஒன்று உண்டு, பிட்டர்மென்ஷன் என்று செல்லப் பெயர். மேஜைமேல் வைத்துக் குழாயை அடித்துத் திறந்தால் ஒரு கூட்டம் அன்றைக்கே முடித்துவிடும். இங்கிலாந்தில் ஃபர்கின் என்பது 9 காலன், சுமார் 41 லிட்டர். அதைத் திறந்து உள்ளே காற்றுப் போனபிறகு மூன்று நாளில் தீர்ந்தாக வேண்டும், இல்லாவிட்டால் புளிப்புத் தட்டும். அதனால் நீ பெரிய பீப்பாய் வாங்கப் போவதாக எழுதியிருப்பதையும் ஒரு தடவை யோசி. உன் ஆட்கள் மூன்று நாளில் எவ்வளவு குடிப்பார்களோ அவ்வளவுதான் உன் பீப்பாய்.

அளவின் பெயரை நம்பாதே என்பதற்கு நம் நண்பன் சோடாபுட்டியின் கதை ஒன்று போதும். சிட்னியில் ஒரு வருஷம் இருந்துவிட்டு அடிலெய்டுக்கு மாறினானே, ஞாபகமிருக்கிறதா? சிட்னியில் ஸ்கூனர் என்றால் 425 மில்லிலிட்டர். அடிலெய்டில் போய் ஸ்கூனர் கேட்டிருக்கிறான், 285 வந்தது. பைண்ட் கேட்டிருக்கிறான், அதற்கு 425 வந்தது. முழு பைண்ட் வேண்டுமானால் அங்கே இம்பீரியல் பைண்ட் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த 285-க்கே சிட்னியில் மிடி என்று பெயர், மெல்போர்னில் பாட் என்று பெயர். அமெரிக்காவுக்குப் போனால் பைண்ட் 473 ஆகிவிடும். அவர்கள் பழைய ஆங்கிலேய ஒயின் காலனையே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். 1824-இல் இங்கிலாந்து பத்து ராத்தல் தண்ணீர் கொள்ளும் புதுக் காலனுக்கு மாறிவிட்டது. அண்ணன் தம்பி சொத்துப் பிரித்த மாதிரி, ஒரே பெயரை வைத்துக்கொண்டு இரண்டு அளவு. ஆகவே உன் பலகையில் பைண்ட், மக் என்று மட்டும் எழுதாதே. எத்தனை மில்லிலிட்டர் என்பதை எழுது.

இனி நான் சொல்லப்போவதை உன் பார்ட்னருக்கும் படித்துக் காட்டு. பீர் தூய்மைச் சட்டம் என்று 1516-ஆம் வருஷத்துப் பவேரியச் சட்டத்தை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். பார்லி, கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ, தண்ணீர் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்ற அந்த ஒரு வரியைத்தான் பாட்டில் லேபிளில்கூடப் போடுகிறார்கள். ஆனால் அதன் முதல் அக்கறை விலையும் அளவும். செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாள் முதல் ஏப்ரலில் வரும் ஜார்ஜ் திருநாள் வரை ஒரு மாஸ் பீர் ஒரு பென்னிக்கு மேல் விற்கக் கூடாது, மீதி மாதங்களில் இரண்டு பென்னிக்கு மேல் கூடாது என்றுதான் அது ஆரம்பிக்கிறது. என்ன சேர்க்கலாம் என்பது பிறகுதான் வருகிறது. மாஸ் என்றால் அளவு என்றே பொருள், தெரியுமா? மியூனிக்கில் இன்றைக்கும் ஒரு லிட்டர் குவளைக்கு அதுதான் பெயர். பழைய பவேரிய மாஸ் இன்னும் கொஞ்சம் பெரிது, 1.069 லிட்டர். குறைத்து ஊற்றுவதை எதிர்ப்பதற்கென்றே அந்த ஊரில் ஒரு சங்கம் இருக்கிறது. கல்ஜாடியில் குடித்த காலத்தில் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது ஊற்றியவனுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். கண்ணாடி வந்தபிறகுதான் குடிக்கிறவனும் பார்க்க முடிந்தது.

இன்னும் பின்னால் போ. 1215-இல் இங்கிலாந்தில் மன்னரிடம் எழுதி வாங்கிய மாக்னா கார்ட்டாவில் நாடு முழுக்க ஏல் என்ற அந்தக் காலத்து பீருக்கு ஒரே அளவு வேண்டும் என்று ஒரு ஷரத்து. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் மூன்றாம் வில்லியம் காலத்துச் சட்டம், முத்திரையிட்ட குவளையில்தான் விற்க வேண்டும் என்றது. என் மேஜைமேல் கிடக்கும் கிரீடம் அந்த வம்சத்தில் வந்தது. 2006-க்குப் பிறகு புதுக் குவளைகளில் அதற்குப் பதில் ஐரோப்பிய சிஇ குறி வந்துவிட்டது. பாபிலோனில், ஏறக்குறைய 3,700 வருஷத்துக்கு முன்னால், ஹம்முராபியின் சட்டத்தில் 108-ஆம் விதி என்ன சொல்கிறது தெரியுமா? மதுக்கடைக்காரி வாங்கிய தானியத்தின் மதிப்புக்குக் குறைவாக பீர் கொடுத்தால் அவளைத் தண்ணீரில் எறிய வேண்டும். தண்டனை கொடூரம், அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அவ்வளவு காலத்துக்கு முன்பே மனுஷன் கல்லில் செதுக்கி வைத்த கவலைகளில் இது ஒன்று. நாம் விற்பது பீர் மட்டுமில்லை மாப்ள. ஒருத்தன் நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து நம் கையை நம்பி உட்காருகிறான்.

நுரையே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. நுரை பீருக்குப் போர்வை மாதிரி. மணத்தைப் பிடித்து வைக்கும், காற்றை அண்டவிடாது. 1842-இல் பவேரியாக்காரர் யோசெஃப் க்ரோல் குளிரில் புளிக்கவைக்கும் லாகர் வகையில் முதல் வெளிர்நிற பீரைக் காய்ச்சிய பில்ஸன் ஊர் இருக்கும் செக் நாட்டில் நுரையை வைத்தே ஊற்றுகிற முறைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சாதாரணமாக ஊற்றுவது ஹ்லாதிங்கா, மூன்று விரற்கடை ஈர நுரை. ஷ்னிட் என்றால் நுரை இன்னும் அதிகம், பீர் குறைவு. ம்லீகோ என்றால் பால், கிளாஸ் முழுக்கவே நுரைதான், வெண்ணெய் போல ஒரே மூச்சில் இறங்கும். அங்கே யாரும் ஏமாறவில்லை, கேட்டுத்தான் வாங்குகிறார்கள். உன் கடையிலும் நுரை கோட்டுக்கு மேலே எவ்வளவு வேண்டுமானாலும் நிற்கட்டும். கோட்டுக்குக் கீழே அது இறங்கும்போதுதான் கணக்கில் கை வைக்கிறது.

பாட்டில் பற்றிக் கேட்டிருந்தாய். பழுப்பு நிறம், வேறு யோசனையே வேண்டாம். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து கெட்ட வாடை அடிக்கும். பச்சைக் கண்ணாடி அதை அவ்வளவாகத் தடுக்காது, வெள்ளைக் கண்ணாடி தடுக்கவே தடுக்காது. பார்வைக்கு அழகு என்று பார்ட்னர் சொன்னால், பாட்டில் ஒன்றை மத்தியான வெயிலில் வைத்துவிட்டு அவரிடமே மோந்து பார்க்கக் கொடு.

இவ்வளவு எழுதியும் உனக்குச் சொல்ல வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட இடம் இன்னும் வரவில்லை. அக்டோபரில் பவேரியாவின் கிழக்கு ஓரத்தில் விண்டிஷ்எஷன்பாக் என்ற சின்ன ஊருக்குப் போனேன். அங்கே ட்ஸாய்கில் என்று ஒரு வழக்கம். ஊருக்குப் பொதுவாக ஒரே ஒரு காய்ச்சும் கூடம். காய்ச்சும் உரிமை உள்ள குடும்பங்கள் முறைபோட்டு அங்கே வந்து விறகு எரித்துக் காய்ச்சுகின்றன. ஆறிய சாற்றைத் தொட்டியில் ஏற்றி அவரவர் வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோய் அவரவர் புளிக்கவைக்கிறார்கள். ஒரே கூடம், ஒரே அடுப்பு, ஆனால் வீட்டுக்கு வீடு ருசி வேறு. யாருடைய பீர் தயாராகிறதோ அந்த வீட்டு வாசலில் ஆறுமுனை நட்சத்திரத்தைத் தொங்கவிடுவார்கள். உள்ளே போனால் அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே பெஞ்சு போட்டிருக்கிறது. ஊரே முழங்கை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

நான் போன வீட்டில் ஊற்றியது ஒரு அம்மாள், எழுபது வயசு இருக்கும். அரை லிட்டர் கிளாஸ். ஊற்றினார், குழாயை மூடினார், கிளாஸைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நுரை மெல்ல இறங்கியது, கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றது பீர். வெளியே நிற்கும் கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் மறுபடியும் குழாயின் கீழே வைத்து அந்த ஒரு நூலையும் நிரப்பினார். மறுபடியும் கண்ணுக்கு நேரே தூக்கினார். அப்புறம்தான் என் கையில் கொடுத்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை, கோட்டைத்தான் பார்த்தார். ஊருக்குத் திரும்பும் ரயில் முழுக்க அந்தக் கை என் கண்ணில் நின்றது. உன் கடையில் ஊற்றப்போகிற பையனுக்கு அந்தக் கை வர வேண்டும் என்பது என் ஆசை. கோடே இல்லாத கிளாஸைக் கொடுத்தால் அவன் எதைப் பார்த்து ஊற்றுவான்?

கிளாஸ் ஆர்டர் பதினைந்தாம் தேதிக்குள் போக வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதற்குள் இந்தக் கடிதம் வந்துவிடும் என்று நம்புகிறேன். உன் பீர் என்ன பதத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதனால் இத்தனை மில்லிலிட்டர் கிளாஸ் வாங்கு என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். ஒரு காரியம் செய். காய்ச்சியதை ஒரு பெரிய கிளாஸில் ஊற்றி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார். எந்த நிமிஷத்தில் உனக்கே அது பிடிக்காமல் போகிறதோ அதற்கு முன்னால் எவ்வளவு குடித்திருந்தாய் என்று பார். அதுதான் உன் அளவு. காட்டமான பீராக இருந்தால் இன்னும் குறைத்துக்கொள்.

தனிப் பார்சலில் ஆறு ஷ்டாங்க அனுப்பியிருக்கிறேன். பெண்ணின் பழைய ஸ்வெட்டரில் சுற்றி வைத்திருக்கிறது, ஸ்வெட்டரையும் திருப்பி அனுப்பத் தேவையில்லை. எல்லாவற்றிலும் கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றித் தராசில் பார்த்துவிட்டேன். நான்கு 200 கிராம், ஒன்று 201, ஒன்று 199. அந்த 199-இன் அடியில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன், அதை நீ வைத்துக்கொள். 201-ஐப் பார்ட்னருக்குக் கொடு. கிரீடத் துண்டை அனுப்பவில்லை. ஓரம் கூர்மையாக இருக்கிறது, அதோடு அது எனக்கே வேண்டும்.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல். வழியில் ஏதாவது உடைந்திருந்தால் உடனே எழுது, இன்னொன்று வாங்கி அளந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்